தரமணிக் கரும்பலகையும் ஜெனீவாக் கணக்கும்

ஒரு நிறுவனத்தின் வரலாறு எழுதித் தாருங்கள் என்று நம் கீழ்பென்னாத்தூர் பள்ளி விழா மலருக்காகக் கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம். அங்கே துகள்களை மோதவிடும் எந்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்கள் மோதுவதை எண்ணுகிறவர்களுக்கு, எத்தனை வர வேண்டும் என்று சொல்லும் கணக்கில் இந்த நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

அது பிறந்தது மயிலாப்பூர் லஸ் பகுதியில் ஒரு வீட்டில். வீட்டின் பெயர் ஏகாம்ர நிவாஸ். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் ராமகிருஷ்ணன், பிரின்ஸ்டன் சென்று திரும்பியதும் அந்த வீட்டில் மாணவர்களைக் கூட்டி வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் பேசினார். 1960இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கே வந்தார். அமைச்சர் சி. சுப்பிரமணியம் அக்கறை எடுத்துக்கொண்டார். நேருவின் ஆதரவும் கிடைத்தது. 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் படித்த கல்லூரியும் அதுதான். 1980களில் இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன் இயக்குநராக வந்தார். வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்கிற மாதிரித் தொடங்கிய ஒன்று இத்தனை தூரம் வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி, அவர்கள் கணக்கிடுவது என்ன? இருட்டில் புளியமரத்தின்மேல் கல்லெறிகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பழம் விழும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை கல் எறிந்தோம், ஒவ்வொரு பழமும் கல்லுக்கு எவ்வளவு முகம் காட்டுகிறது. பழம் காட்டும் முகம்தான் குறுக்குவெட்டுப் பரப்பு. கல்லின் கணக்கு லூமினாசிட்டி. அதை ஒளிர்வு என்று மொழிபெயர்த்தால் மலைமேல் ஏற்றும் தீபம் நினைவுக்கு வந்துவிடும்; இங்கே வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. இரண்டையும் பெருக்கினால் நிகழ்வுகளின் எண்ணிக்கை. ஒன்றுக்குப் பின் 24 பூஜ்யம் போட்டு, அந்த எண்ணால் ஒரு சதுர சென்டிமீட்டரை வகுத்தால் கிடைப்பது ஒரு பார்ன். தானியக் கொட்டகை என்று பொருள்; அணுக்கருவுக்கு அது கொட்டகை அளவு பெரிய இலக்கு என்று ஆய்வாளர்கள் வைத்த பெயர். அதையும் லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பிக்கோபார்ன்.

ஜெனீவா மோதல்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அது உருவாவதற்கான குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிடும் வேலை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 13 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில், புரோட்டானுக்குள் இருக்கும் குளுவான்கள் என்னும் துகள்கள் இணைந்து ஹிக்ஸ் பிறக்கும் பரப்பு முதல் படிக் கணக்கில் சுமார் 16 பிக்கோபார்ன். அடுத்தடுத்த திருத்தங்களைச் சேர்த்தால் அது 48.6 ஆகிறது. மூன்று மடங்கு! முதல் படியோடு நின்றிருந்தால், எண்ணியவர்கள் குழம்பிப் போயிருப்பார்கள். இரண்டாம் படித் திருத்தத்தை 2002இல் இரு குழுக்கள் வெளியிட்டன. 2003இல் வி. ரவீந்திரன், ஜாக் ஸ்மித், வில்லி வான் நீர்வென் மூவரும் தனி வழியில் அதைக் கணக்கிட்டு முடித்தார்கள். அலகாபாத்திலிருந்து அந்த வேலையைச் செய்த ரவீந்திரன் பின்னர் தரமணிக்கு வந்தார். அவரும் மாணவர்களும் மூன்றாம் படியையும் தொட்டார்கள்.

சரி, கல்லை எண்ணுவது எப்படி? 1968இல் சைமன் வான் டெர் மீர் சொன்ன வழியே இன்றும் நடப்பு. இரண்டு புரோட்டான் கற்றைகள் எதிரெதிரே வருகின்றன. மோதும் இடத்தில் ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லியது. ஒரு கற்றையை மைக்ரான் கணக்கில் சற்றே நகர்த்தி நிறுத்துவார்கள். மோதல்களை எண்ணுவார்கள். மறுபடி நகர்த்துவார்கள், மறுபடி எண்ணுவார்கள். கற்றைகள் விலகி இருக்கையில் எண்ணிக்கை குறைவு. நேருக்கு நேர் வந்தால் உச்சம். தாண்டிப் போனால் மீண்டும் சரிவு. வரைந்து பார்த்தால் ஒரு குன்று எழுந்து நிற்கும். அந்தக் குன்றின் அகலமும், கற்றைகளில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் லூமினாசிட்டி கையில் வந்துவிடும். இதற்கென்றே வழக்கமான ஓட்டத்தை நிறுத்திச் சில நாள் ஒதுக்குகிறார்கள். அதைவிடப் பொறுமையான அளவை முறையை நான் அறியேன்.

எண்ணும் பக்கத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஜெனீவாச் சுரங்கத்தில் மோதல்களைப் பதிவுசெய்யும் சிஎம்எஸ் கருவியில், துகள்களின் ஆற்றலை அளக்கும் வெளிப்புறக் கலோரிமீட்டர் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் உழைப்பில் உருவானது. சென்னை ஐஐடியும் சிஎம்எஸ் குழுவில் உண்டு. சுரங்கத்தில் காந்தங்களைத் தாங்கி நிறுத்தும் ஆயிரக்கணக்கான ஜாக்கிகள் இந்தியாவிலிருந்து போனவை.

2015 முதல் 2018 வரையிலான ஓட்டத்தில் அதே சுரங்கத்தில் உள்ள மற்றொரு கருவியான அட்லஸின் குழு சேர்த்த லூமினாசிட்டி சுமார் 140 தலைகீழ் ஃபெம்டோபார்ன் (பிக்கோபார்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோபார்ன்). அதை 48.6 பிக்கோபார்னுடன் பெருக்கினால் குளுவான் வழியில் மட்டும் ஏறக்குறைய 68 லட்சம் ஹிக்ஸ். அந்த 140இல் உள்ள ஐயம் 0.83 சதவீதம்தான். கோட்பாட்டுப் பரப்பிலோ இன்னும் சுமார் 5 சதவீத ஐயம் இருக்கிறது. எண்ணுகிறவர்கள் முந்திக்கொண்டார்கள், மிச்ச வேலை கரும்பலகைக்காரர்களுடையது. கணக்கில் பிடிப்புள்ள நம் பள்ளிப் பிள்ளைகள் யாராவது அந்தத் தரமணி வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.