தேயிலைக்கு விடுமுறை இல்லை

பாடசாலைகளின் நீண்ட விடுமுறையைக் குறைத்து, ஆண்டு முழுவதும் சிறு சிறு இடைவெளிகளுடன் வகுப்புகளை நடத்தலாமா என்ற விவாதம் ஐக்கிய அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடைபெறுகிறது. 1969இல் மிசூரி மாநிலத்துப் பாடசாலை மாவட்டம் ஒன்று, 45 நாள் படிப்பு, 15 நாள் ஓய்வு என்ற முறையைத் தொடங்கியது. கோடை விடுமுறையில் மாணவர் இழப்பது சராசரியாக ஒரு மாதப் படிப்பு என்றும், வாசிப்பில் வறிய வீட்டுப் பிள்ளைகளின் இழப்பே அதிகம் என்றும் 1996இல் ஹரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் தொகுத்துரைத்தனர்.

இந்த விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு பசறைக்கே செல்கிறது. பதுளைக்குக் கிழக்கே, நமுனுகுல மலையின் அடிவாரத்திலிருந்து லுணுகலை, மடூல்சீமை வரை பரந்து கிடக்கும் தோட்டங்களின் சிறுநகரம் அது. அங்கே பாடசாலை நாட்களை யார் வகுத்தார்கள் என்பதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் தோட்டத்துப் பெற்றோரின் குரலுக்கு இடம் இருந்ததில்லை.

அமெரிக்காவின் கோடை விடுமுறை விவசாயத்துக்காக ஏற்பட்டது என்பது பொதுவான நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் அதை மறுக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள கிராமப் பாடசாலைகள் விதைப்புக்கும் அறுவடைக்கும் மூடப்பட்டு, குளிர்காலத்திலும் கோடையிலும் இயங்கின. உழவர்கள் தம் தொழிலுக்கேற்பப் பாடசாலை நாட்களை அமைத்துக் கொண்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் அதற்கும் வழியில்லை. நெல்லைப் போல விதைப்பும் அறுவடையும் தேயிலைக்குக் கிடையாது. ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு முறை அதே மலையில் மறுபடியும் கொழுந்து எடுக்க வேண்டும். மழையில் கொழுந்து மிகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் கொழுந்து குறைந்து ஊவாத் தேயிலையின் மணம் ஏறும். பிரட்டு மட்டும் எந்த மாதத்திலும் நிற்பதில்லை. ஆகவே ஆள்வோர் இங்கு ஆண்டைப் பங்கிடவில்லை; பகலைப் பங்கிட்டார்கள். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. பத்து மணிவரை பாடசாலை, அதன்பின் மலை என்பதே அதன் பொருள். ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு என்ற அளவில் தோட்டப் பாடசாலைகள் பல காலம் நின்றன.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1960-61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் அவை விடுபட்டன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இதற்கிடையே 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் ஜனவரியில் தொடங்கும் கல்வியாண்டை இங்கே விட்டு, ஜூனில் தொடங்கும் கல்வியாண்டுக்குத் தமிழ்நாட்டில் காத்திருந்தார்கள்.

அரசின் கைக்கு வந்ததும் மூன்று தவணை முறையும் வந்தது. ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் என விடுமுறை மூன்றாகப் பிரிந்திருப்பதால், அமெரிக்கர் நாடும் சமநிலை ஏற்கெனவே நம்மிடம் ஓரளவு உண்டு. ஆனால் அந்தச் சமநிலை ஊவாவின் வானத்தோடு பொருந்தவில்லை. இங்கே பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெய்கிறது. மூன்றாம் தவணையும் ஆண்டிறுதிப் பரீட்சையும் அந்த மழைக்குள் விழுகின்றன. மலைப்பாதை காய்ந்து கிடக்கும் ஓகஸ்டில் விடுமுறை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோது உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

அதே மழை வேறொன்றையும் கற்பித்தது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடுகள் இல்லை. ஆகவே பாடசாலையை மழைக்காலத்தில் மூடிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று சொல்லவும் முடியாது.

விடுமுறை நாளில் தோட்டத்து வீட்டின் நிலை என்ன? கைக்குழந்தைக்குப் பிள்ளைக்காம்பரா உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு எதுவும் இல்லை. தாய் காலையில் மலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவாள். இடையில் அந்தப் பிள்ளைதான் தம்பிக்கும் தங்கைக்கும் காவல். பாடசாலையில் கிடைக்கும் உணவும் அந்த வாரங்களில் இல்லை. சற்று வளர்ந்தவர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். தவணை தொடங்கும்போது எல்லோரும் திரும்புவதில்லை. கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 ஆக உயர்த்திய பின்னும் இந்தக் கசிவு முற்றாக அடைபடவில்லை.

நீண்ட இடைவெளி என்ன செய்யும் என்பதை 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கண்டோம். 2021இல் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் இணையத் தொடர்புக்காகக் காட்டுமலையில் மரத்தின்மேல் கட்டிய குடிலுக்கு ஏறிய செய்தி உலகெங்கும் வெளியானது. கைபேசியே இல்லாத லயத்துப் பிள்ளைகள் செய்தியாகவில்லை. அதன்பின் 2022ஆம் ஆண்டின் கல்வியாண்டு ஏப்ரலிலும், 2023க்குரியது மார்ச்சிலும், 2024க்குரியது பெப்ரவரியிலும் தொடங்கின. 2025இல்தான் அது ஜனவரிக்குத் திரும்பியது.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்து பணியாற்றுவோருக்குத் தவணை விடுமுறையே குடும்பத்தோடு இருக்கும் காலம். அதைப் பறித்தால் இடமாற்ற விண்ணப்பங்கள் பெருகும்; தோட்டப் பாடசாலையில் வெற்றிடம் கூடும். அமெரிக்க அனுபவமும், நாட்களின் எண்ணிக்கை கூடாமல் அவற்றை மாற்றி அடுக்குவதால் மட்டும் பெரும் பயன் விளைவதில்லை என்றே காட்டுகிறது.

எனவே என் கருத்து எளிமையானது. ஆசிரியருக்கு விடுமுறை இருக்கட்டும், கட்டடத்துக்கு வேண்டாம். உயர்தரம் முடித்து வேலையின்றி இருக்கும் தோட்டத்து இளைஞர்களுக்கு ஊதியம் கொடுத்து, விடுமுறையிலும் ஒரு நேர உணவு, வாசிப்பு, விளையாட்டு ஆகியவற்றுக்குப் பாடசாலையைத் திறந்து வைக்கலாம். தவணை நாட்களை மழைக்கேற்பச் சற்று நகர்த்தும் உரிமையை மாகாணத்துக்குத் தரலாம். நாடு முழுவதற்கும் ஒரே நாட்காட்டிதான் சாத்தியம் என்பது வாதமாகாது. நோன்பு மாதத்தைக் கருதி முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனியான தவணை நாட்களைக் கல்வி அமைச்சு நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறது. அது நியாயமான ஏற்பாடு. அதே நியாயம் மலைக்கும் வேண்டும். அடுத்த ஆண்டின் தவணை நாட்களைக் குறிக்கும் முன், கொழுந்து எடுக்கும் தாய்மாரிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.