கடலைப் பூட்டிய காகிதம்

அரபு மொழியில் காகிதத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'கிர்தாஸ்'. திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் இச்சொல் வருவதை ஓதியோர் அறிவர். இதுவே போர்த்துகீசிய மொழியில் புகுந்து 'கர்த்தாஸ்' ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் மரக்கலம் செலுத்திய வணிகர்களை அலைக்கழித்த கப்பல் அனுமதிச் சீட்டின் பெயர் அது. நாம் ஓதும் மொழியின் சொல்லே நம்மவர் கப்பலுக்குத் தளையாக வந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

அதற்கு முன்னர் அக்கடல் எவ்வாறு இருந்தது? மலாக்கா, கள்ளிக்கோட்டை, ஹுர்முஸ், அதன் ஆகிய துறைகளில் அரபியரும் குஜராத்தியரும் தமிழரும் யூதரும் கலந்து வாணிபம் செய்தனர். கடற்கொள்ளை இல்லாமலில்லை. துறைமுகத்தில் அரசர்கள் சுங்கம் வாங்கினர்; ஆயினும், இக்கடல் முழுவதும் எனக்கே உரியது என்று உரிமை கொண்டாடியவர் எவருமிலர். மலபாரின் மிளகு செங்கடல் வழியே காஹிராவை அடைந்து, அங்கிருந்து வெனிஸ் நகரத்துக்குச் சென்றது.

1498இல் (ஹிஜ்ரி 903) வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். 1502இல் மீண்டும் வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலொன்றை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் தீக்கிரையாக்கினார். பின்னர் பறங்கியர் 1510இல் கோவாவையும், 1511இல் மலாக்காவையும், 1515இல் ஹுர்முஸையும் கைப்பற்றினர். செங்கடலின் வாயிலான அதனை 1513இல் தாக்கியும் அவர்களால் வெல்ல இயலவில்லை. வாளால் அடைக்க முடியாத வழியைச் சீட்டால் அடைக்க முயன்றனர்.

கப்பலின் பெயர், தலைவர், பருமன், ஆயுதங்கள், செல்லும் துறை ஆகியன அச்சீட்டில் குறிக்கப்பட்டன. மிளகு ஏற்றலாகாது, துருக்கியரை ஏற்றலாகாது, பறங்கியர் துறைக்குச் சென்று சுங்கம் செலுத்த வேண்டும். சீட்டின் கட்டணம் சிறிதே, சுங்கமே பெருஞ்சுமை. சீட்டில்லாக் கப்பல் சரக்கோடு பறிமுதலாகும். மலபாரின் மார்க்க அறிஞர் ஸைனுத்தீன் மக்தூம் தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' எனும் அரபு நூலில் இக்கொடுமைகளை வேதனையோடு பதிவு செய்துள்ளார்.

இது வணிகரின் இலாப நட்டத்தோடு நிற்கவில்லை. ஹஜ்ஜுக் கடமையையே தொட்டது. தரைவழியோ ஸஃபவியரின் ஈரான் ஊடாகச் செல்வது. கடல்வழியிலோ மர்யம், ஈஸா உருவங்கள் பொறித்த சீட்டைச் சுமந்து செல்லும் இழிவு. ஆகவே ஹஜ் இக்காலத்தில் கடமையன்று என்று அக்பர் அவையின் மக்தூமுல் முல்க் ஃபத்வா வழங்கியதாக வரலாற்றாசிரியர் பதாயூனி குறிப்பிடுகிறார். ஆனாலும் மக்கள் சென்றனர். பாபரின் மகளார் குல்பதன் பேகம் குழுவினருங்கூடச் சீட்டுக்காகச் சூரத்தில் நெடுநாள் காத்திருந்து, 1576இல்தான் கப்பலேறினர்.

சீட்டிருந்தாலும் காப்பு உண்டா? 1613இல் (ஹிஜ்ரி 1022) ஜஹாங்கீரின் அன்னையாருக்குச் சொந்தமான 'ரஹீமி' கப்பல், முறையான சீட்டு இருந்தும் பறங்கியரால் பிடிக்கப்பட்டது. வெகுண்ட பேரரசர் அவர்களோடு வாணிபத்தை நிறுத்தித் தமனை முற்றுகையிடச் செய்தார். அரசிக்காகப் படை எழுந்தது. பெயரறியாச் சிறு வணிகர் எத்தனை பேர் சரக்கை இழந்து வாளாவிருந்தனரோ!

எனினும் பறங்கியரின் தனியுரிமை நிலைக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுமத்திராவின் அச்சே சுல்தான்களின் மிளகுக் கப்பல்கள் மாலத்தீவு வழியே செங்கடலை எட்டின. வெனிஸின் சந்தை மீண்டும் நிறைந்தது. விதியால் வாணிபம் சாகவில்லை. வேறு வழி தேடிற்று. அவ்வாறு வழி மாறியதன் செலவையும் இடரையும் எளியோரே சுமந்தனர்.

இது பழங்கதையன்று. 2023ஆம் ஆண்டின் இறுதியில் பாபுல் மன்தப் நீரிணையருகே கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பெரும் சரக்குக் கப்பல்கள் பல செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. வாஸ்கோடகாமா வந்த வழி அது! பயண நாட்கள் கூடின; காப்புறுதித் தொகையும் ஏறிற்று. வல்லரசுகளின் பகைமையும் அவர்கள் விதிக்கும் விதிகளும் கடலில் தொடங்கினாலும், அவற்றின் விலை நம் அடுக்களையில்தான் கணக்கிடப்படுகிறது. ஒரே வழியையும் ஒரே துறையையும் நம்பியிருப்போர் முதலில் துன்புறுவர் என்பதே, அந்தப் பழைய 'கிர்தாஸ்' நமக்கு விட்டுச் சென்ற பாடமாகும்.