டி.சி. இல்லாமல் வந்த பையன்



நகரமைப்புப் படிக்கும் என் தம்பி மகள் போன வாரம் ஒரு பழைய ஆவணப்படம் போட்டுக் காட்டினாள். ஆனந்த் பட்வர்தன் 1985இல் எடுத்த 'ஹமாரா ஷஹர்'. நம்ம ஊர் என்று சொல்லலாம். பம்பாய்க் குடிசைவாசிகளைப் பற்றியது.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதல்வர் அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். கொட்டும் மழையில் குடிசைகளைப் பிரித்து ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதில் நம் சேலத்துக்காரர்களும் உண்டு. பஞ்சத்தில் பிழைக்கப் போன ஒரு சேலம் தொழிலாளி, பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் ஆகியோர் வழக்குப் போட்டார்கள். 1985 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. நோட்டீஸ் கொடுத்து நடைபாதையைக் காலி செய்யலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழைக்காலம் கழிய அக்டோபர் 31 வரை மட்டும் அவகாசம். வகுப்பில் நாம் நடத்துவதெல்லாம் முதல் பாதியைத்தான்!

படத்தில் வசதியானவர்கள் நகரம் சுத்தமாக வேண்டும் என்கிறார்கள். அவர்களுக்கு மாடி கட்டுகிற கூலியாட்கள் குடிசையில் இருக்கிறார்கள். வீடு இடிபட்ட ஒரு பெண், படம் எடுப்பவரையே திட்டுகிறார். ஏழையைப் படம் பிடித்து நீ பேர் வாங்குவாய், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிற மாதிரி. அந்தக் காட்சியை இயக்குநர் வெட்டவில்லை. 1986இல் சஞ்சய் காந்தி நகரை இடித்தபோது அவரே, ஷபானா ஆஸ்மி முதலானோருடன் உண்ணாவிரதம் இருந்தார். அந்த மக்களுக்கு கோரேகாவில் மாற்று இடம் கிடைத்தது. படம் ஒன்றே வாங்கித் தந்த இடமல்ல அது. ஆனாலும் அந்தப் பெண்ணின் கேள்விக்கு அவர் தந்த பதில் இதுதான் என்று எனக்குப் பட்டது.

நான் இதை எழுதக் காரணம் வேறு. 1981 ஆகஸ்டில், சேலம் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பம்பாயிலிருந்து வந்ததாக ஓர் அம்மா பையனை அழைத்து வந்தார். டி.சி. இல்லை, பிறந்த தேதிக்குச் சான்று இல்லை. "நடுவில் ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க? படிப்பு என்ன விளையாட்டா?" என்று கடிந்துகொண்டேன். "பஸ்ஸில ஏத்தி அனுப்பிட்டாங்க சார்" என்றார். நான் நம்பவில்லை. கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். அவனுக்குத் தமிழ் எழுத வராது. இந்தி எழுத்தில் தன் பெயரை எழுதிக் காட்டினான். அதற்கும் அதட்டினேன். பொங்கலுக்குப் பிறகு அவன் வரவில்லை. மறுபடி பம்பாய்க்கே போய்விட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு அடித்தேன்.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் இதைப் பார்த்தால், அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.