செஞ்சிலுவையின் பொருள்

வெண்துணியில் ஒரு சிவப்புச் சிலுவை. அதனை மருந்தின் அடையாளமென்று பலரும், கிறிஸ்தவ சமயத்தின் அடையாளமென்று சிலரும் கருதுகின்றனர். முன்னையது அரையுண்மை, பின்னையது தவறு. அச்சின்னம் உண்மையில் ஒரு வாக்குறுதி. ஆயுதம் தாங்கியோர் ஆயுதமற்றோருக்கு அளித்த வாக்குறுதி.

1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சொல்ஃபெரினோவில் பிரான்சும் சார்டினியாவும் ஒருபுறமாக, ஆஸ்திரியா மறுபுறமாகப் பொருதின. மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 40,000 பேர் ஒரே நாளில் வீழ்ந்தனர். மன்னர்களின் யுத்தத்தில் மடிந்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. அல்ஜீரியாவில் தமது தொழிலுக்குச் சலுகை வேண்டி மூன்றாம் நெப்போலியனை நாடிவந்த ஜெனீவா வணிகர் ஹென்றி டியூனான் அக்கொடுமையைக் கண்டார். காஸ்திலியோனே ஊர்ப் பெண்கள் எந்நாட்டவன் என்று வினவாமலே காயமுற்றோரைப் பேணியதையும் கண்டார்.

அந்நாளில் ஒவ்வொரு படையும் தன் வைத்தியக் கூடாரத்துக்குத் தனிக்கொடி வைத்திருந்தது: ஆஸ்திரியாவுக்கு வெள்ளை, பிரான்சுக்குச் சிவப்பு, ஸ்பெயினுக்கு மஞ்சள். தன் கொடியை அறிந்த சிப்பாய் பகைவனின் கொடியை அறியான். ஆகவே அக்கூடாரமும் அவனுக்கு ஓர் இலக்கே. எல்லோரும் அறியும் ஒரே குறி வேண்டியிருந்தது. 1864 ஆகஸ்ட் 22 அன்று நிறைவேறிய ஜெனீவா உடன்படிக்கை செஞ்சிலுவையை அக்குறியாக்கியது. சுவிட்சர்லாந்தைச் சிறப்பிக்கும் பொருட்டு அந்நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றியமைத்ததே அது என்று 1906-ஆம் ஆண்டு உடன்படிக்கை தெளிவாக்கிற்று.

ஆயினும் ஒரு சின்னத்தின் பொருளை அதனை வகுத்தோர் மட்டும் நிர்ணயிப்பதில்லை. துருக்கியப் பேரரசு 1876-இல் செம்பிறையை மேற்கொண்டது. 1929-இல் உலகம் அதனை ஏற்றது. 2005-இல் எச்சமயச் சாயலுமற்ற செம்படிகம் சேர்க்கப்பட்டது. வடிவங்கள் மூன்றாயினும் வாக்குறுதி ஒன்றே.

அவ்வாக்குறுதியை இலங்கை 1959-இல் ஏற்றது. 2006-இல் தன் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டது. 1990 நவம்பரில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பில் வந்தது. போரிட்ட இரு தரப்பும் இணங்கியதாலேயே அது கைகூடிற்று.

2008-இல் பூநகரி, ஜெயபுரம் முதலிய ஊர்களின் மக்கள் வீடுவாசலை விட்டுக் கிழக்கே நகர்ந்தனர். செப்ரெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு வன்னியில் நின்றது. 2009 பெப்ரவரியில் நோயாளரால் நிறைந்திருந்த புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்தன. பின்னர் வன்னிக் கரையிலிருந்து மே மாதம் வரை கப்பல் மூலம் ஏறத்தாழ 14,000 நோயாளரும் உறவினரும் அழைத்துச் செல்லப்பட்டனர். அத்தனை உயிர்களை மீட்ட சின்னமும் அதுவே. எறிகணையைத் தடுக்கமாட்டாது நின்ற சின்னமும் அதுவே.

இதிலிருந்து சின்னம் வீணென்று முடிவு கட்டுவது பிழையாகும். துணிக்கும் சாயத்துக்கும் கவசவலிமை இல்லை; வாக்களித்தோர் அதனைக் காக்கும் அளவுக்கே அது காக்கும். வாக்குத் தவறுமிடத்துக் குற்றவாளி சின்னமன்று, வாக்களித்தவரே.

ஆதலால், மாணவருக்கு இச்சின்னத்தைக் காட்டும் ஆசிரியர், அதன்கீழ்க் கையொப்பமிட்டோர் யார் என்பதையும் கற்பித்தல் வேண்டும். தமக்களித்த வாக்கை அறிந்த மக்களே அதற்குக் கணக்குக் கேட்க வல்லவர்.