சாகாத சிடி டிரைவ்

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. விண்டோஸ் 98-லிருந்து அதற்கு மாறிய பலருக்கு அதிர்ச்சி... நேற்றுவரை பாடிய சிடி டிரைவை மை கம்ப்யூட்டரில் காணோம்! தட்டு திறக்கும், விளக்கு எரியும், விண்டோஸுக்கு மட்டும் தெரியாது. இரும்பு மார்க்கெட் இருக்கிற எங்கள் சாத்தாங்காட்டில் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புதுசு வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பத்தான் தோன்றும். காசு தண்டம்!

உண்மையில் நடந்தது வேறு. ஈஸி சிடி கிரியேட்டர் மாதிரி சிடி எழுதும் மென்பொருள்கள், டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே தங்கள் ஃபில்டர் டிரைவரைச் சொருகி, ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகளில் அதன் பெயரை எழுதிவைக்கும். புது விண்டோஸில் அந்த டிரைவர் வேலை செய்யாது, பெயர் மட்டும் இருக்கும். அது ஏறாததால் சிடி டிரைவும் ஏறாது.

மைக்ரோசாஃப்ட் சொன்ன வைத்தியம்: சிடி டிரைவுக்கான கிளையில் அந்த இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்வது. (முதலில் ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுங்கப்பா!) விஸ்டா, விண்டோஸ் 7 காலத்திலும் இதே கதை, இதே வைத்தியம். அழித்தபின் சிடி எழுதும் மென்பொருள் முரண்டு பிடித்தால், புது விண்டோஸுக்கான பதிப்பைப் போடவேண்டும்.