தண்டவாளம் நீங்கிய தடம்

ஜாலான் புசார் என்னும் மலாய்ப் பெயருக்குப் பெரிய சாலை என்பது பொருள். கமுகும் நிப்பாப் பனையும் நின்ற சதுப்பு நிலத்தின் ஊடே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போடப்பட்ட சாலை அது. இங்கிருந்து நோக்குவோர்க்குச் சிங்கப்பூரின் வரலாறு சாலைகளின் வரலாறாகவே தோன்றுதல் இயல்பு. ஆயினும் இவ்வட்டாரத்தாருக்கு நன்கு பழக்கமான மூன்று இடங்கள், இன்று வண்டி ஓடாத ஓர் இருப்புப்பாதையின் கதையை நமக்கு உரைக்கின்றன.

முதலாவது, தைப்பூச வழி. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எடுத்துச் செல்வோர் தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை அடைகின்றனர். சிங்கப்பூரின் முதற் புகைவண்டி புறப்பட்ட நிலையம் அக்கோயிலுக்கு அருகேதான் இருந்தது. இரண்டாவது, ஜாலான் புசாரில் 2017இல் திறக்கப்பட்ட சுரங்க ரயில் நிலையம். அங்கே ஏறி, புக்கிட் தீமா சாலையை ஒட்டிப் பூமிக்கடியில் பயணம் செய்து, கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஒரு பழைய புகைவண்டி நிலையமும் இரும்புப் பாலமும் எதிர்ப்படும். மூன்றாவது, ஜாலான் புசாருக்குத் தெற்கே, ஓஃபிர், ரோச்சோர் சாலைகளுக்கு இடையே நிற்கும் இரட்டை உயர்மாடிக் கட்டடம். இக்கட்டடத்திற்கும் இருப்புப்பாதைக்கும் என்ன தொடர்பு எனப் பலர் வியக்கக்கூடும். அத்தொடர்பு பின்னர் விளங்கும்.

முதற் பாதை

தீவின் தென்கோடியையும் வடகோடியையும் இணைத்த புக்கிட் தீமா சாலை 1845இல் முற்றுப்பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாரவண்டிகளே அவ்வழியே பொருள்களைச் சுமந்தன. 1900இல் இருப்புப்பாதை வேலை தொடங்கியது. 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை வண்டி ஓடியது. அதே ஆண்டு ஏப்ரலில் பாதை உட்லண்ட்ஸை எட்டியது. நியூட்டன், குளூனி, ஹாலந்து ரோடு, புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங் முதலியன இடைநிலையங்கள். உட்லண்ட்ஸில் இறங்கியோர் ஜொகூர் நீரிணையைப் படகில் கடந்தனர். 1923இல் கடற்பாலம் அமைந்த பின்னரே தீவும் தீபகற்பமும் தண்டவாளத்தால் இணைந்தன.

இதற்கிடையில் 1918இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூர் இருப்புப்பாதையும் அதன் நிலமும் மலாய்க் கூட்டரசு நாடுகளின் அரசாங்கத்திற்கு மாற்றப்பட்டன. நிலம் 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. அன்று இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் ஆட்சியே நடந்தமையால், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியது போன்றதாகவே இது கருதப்பட்டிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் இரண்டு நாடுகளை இருபது ஆண்டுகள் பேச்சுவார்த்தையில் ஆழ்த்திய சட்டம் இதுவே.

முதற் பாதைக்குச் சில குறைகள் இருந்தன. அது சாலைகளைச் சமதளத்தில் குறுக்கே வெட்டிச் சென்றமையால் வண்டி வருந்தோறும் கதவடைத்துப் போக்குவரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. நிலையமும் துறைமுகத்திலிருந்து விலகி இருந்தது. எனவே புக்கிட் தீமாவுக்குத் தெற்கே புதிய வழி ஒன்று வகுக்கப்பட்டது. மேடான இடங்களை வெட்டியும், பள்ளமான இடங்களில் கரை எழுப்பியும், சாலைகளின்மேல் பாலம் அமைத்தும் அப்பாதை தஞ்சோங் பகாருக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1932ஆம் ஆண்டு மே மாதம் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் வெண்பளிங்கு உருவங்கள் அதன் முகப்பை இன்றும் அணிசெய்கின்றன.

புதிய பாதை வந்ததும் தேங்க் ரோட்டுப் பாதை கைவிடப்பட்டது. தண்டவாளம் அகற்றப்பட்டது. ஆர்ச்சர்ட் சாலையின்மேல் இருந்த புகைவண்டிப் பாலமும் மறைந்தது. வளரும் நகரம் அந்நிலத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டது. அதனைக் காக்க வேண்டும் என்னும் எண்ணத்திற்கு அக்காலத்தில் இடமே இருக்கவில்லை.

ஆகவே சிங்கப்பூரில் கைவிடப்பட்ட முதன்மைப் பாதைகள் இரண்டு. 1932இல் கைவிடப்பட்டது சுவடின்றிப் போயிற்று. 2011இல் கைவிடப்பட்டது இன்றும் நிலைத்து நிற்கிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதே ஆராயத்தக்கது.

ஒப்பந்தம் காத்த காடு

1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. ஆயினும் அதன் நடுவே ஓடிய இருப்புப்பாதையும் அப்பாதைக்குரிய நிலமும் மலேசிய இருப்புப்பாதை நிர்வாகத்தின் வசமே இருந்தன. குத்தகை இருப்புப்பாதைப் பயன்பாட்டுக்கென அமைந்தது. அந்நிலத்தில் சிங்கப்பூர் வீடு கட்ட இயலாது. மலேசியாவும் தன் விருப்பப்படி வேறு தொழில் நடத்த இயலாது. அடுக்குமாடி வீடுகளும் தொழிற்பேட்டைகளும் தீவெங்கும் எழுந்த காலத்தில் இந்த ஒடுங்கிய நிலத்துண்டு மட்டும் தீண்டப்படாமல் கிடந்தது. பாதையின் இரு மருங்கிலும் மரமும் கொடியும் தாமே வளர்ந்தன. காடு வளர்க்க வேண்டும் என்று எவரும் திட்டமிட்டதன்று. சட்டச் சிக்கலால் தானே விளைந்தது எனலாம்.

1990ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுதீனும் நிலையத்தை மாற்றுவது குறித்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதன் விதிகளுக்கு இரு நாடுகளும் வெவ்வேறு பொருள் கொண்டமையால் செயல் தடைப்பட்டது. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சோதனையோ தஞ்சோங் பகாரிலேயே நீடித்தது. இதனால் வடக்கே செல்லும் பயணி சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்னரே மலேசியாவுக்குள் நுழைந்தவராகக் கணக்கிடப்பட்டார்!

2010ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் இச்சிக்கலைத் தீர்த்தனர். நிலையம் உட்லண்ட்ஸுக்கு மாறும். இருப்புப்பாதை நிலம் சிங்கப்பூரைச் சேரும். அதற்கு ஈடாக மரீனா சவுத்திலும் ஓஃபிர்-ரோச்சோரிலும் உள்ள நிலங்கள் இரு நாடுகளின் கூட்டு நிறுவனத்திற்கு அளிக்கப்படும் என முடிவாயிற்று. முன்னே குறித்த இரட்டைக் கட்டடம் எழுந்தது அவ்வாறு மாற்றிய நிலத்தில்தான். புக்கிட் தீமாவில் மரநிழலில் நடப்போர் பெற்ற நிலத்திற்கு ஈடாகக் கொடுத்த விலையின் ஒரு பகுதி, ஜாலான் புசாரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வானளாவ நிற்கிறது.

இறுதி வண்டியும் மக்கள் குரலும்

உடன்பாடு நிலத்தை மீட்டுத் தந்ததேயன்றி, அதனைப் பசுமையாக வைத்திருக்க உறுதி தரவில்லை. மதிப்பு மிகுந்த அந்நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டடங்களுக்கு ஒதுக்குவது எளிதாக இருந்திருக்கும். அவ்வேளையில், 2010ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் இயற்கைக் கழகம் ஒரு கருத்துரையை வெளியிட்டது. பாதையை ஒரே தொடர்ச்சியான பசுமைத் தடமாகக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொடர்ச்சி என்பதே அக்கருத்தின் உயிர்நாடி. புக்கிட் தீமாக் காட்டை ஒட்டிச் செல்லும் இத்தடம், பிரிந்து கிடக்கும் மரத்தொகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. பறவையும் விலங்கும் இடம்பெயர்வதற்கு இத்தகைய இணைப்பு இன்றியமையாதது. நடுவே ஒரு துண்டு வெட்டுண்டாலும் எஞ்சியவை தனித்தனிப் பூங்காக்களாகச் சுருங்கிவிடும்.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து இறுதி வண்டி புறப்பட்டது. அதனை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். அடுத்த நாள் முதல் தண்டவாளம் அகற்றப்படும் முன்னர்ச் சில நாள் மக்கள் அப்பாதையில் நடக்க அனுமதிக்கப்பட்டனர். குழந்தைகளும் முதியோரும் கூட்டங்கூட்டமாக வந்து ஸ்லீப்பர் கட்டைகளின்மேல் நடந்தனர். அந்நடையே ஒருவகை வாக்களிப்பு எனலாம். தஞ்சோங் பகார் நிலையம் அதே ஆண்டு ஏப்ரலில் தேசிய நினைவுச் சின்னமாகியிருந்தது. புக்கிட் தீமா நிலையமும் பாதுகாக்கப்படும் கட்டடமாயிற்று. தண்டவாளம் பெரும்பாலும் அகற்றப்பட்டாலும், புக்கிட் தீமாவின் இரண்டு இரும்புச் சட்டப் பாலங்களும் நிலைநிறுத்தப்பட்டன.

பாதை தடமான முறை

புகைவண்டிக்கென அமைத்த பாதை மிதிவண்டிக்கு ஏற்றதாதல் தற்செயலன்று. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் செங்குத்தான ஏற்றத்தில் வழுக்கும். ஆதலின் பொறியாளர் மேட்டைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் சாய்வை மிகக் குறைவாக வைப்பர். வளைவையும் அகலமாக அமைப்பர். வண்டி போன பின்னும் அவ்வேலையின் பயன் நிலத்தில் எஞ்சி நிற்கும். சிறுவரும் முதியவரும் மூச்சிரைக்காமல் மிதித்துச் செல்ல அதனால் இயலுகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ மாநிலத்தில் 150 கிலோமீட்டர் நீளமுள்ள கைவிடப்பட்ட பாதை 2000ஆம் ஆண்டில் மிதிவண்டித் தடமாகத் திறக்கப்பட்டதும், அத்தடம் வழிநெடுகிலும் உள்ள சிற்றூர்களுக்கு வருவாய் தந்ததும் இங்கே ஒப்புநோக்கத்தக்கன. எல்லாப் பாதைக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடி இருப்புப்பாதை மணலிற் புதைந்த சிதைவாகவே எஞ்சியது.

சிங்கப்பூர்த் தடத்தின் நீளம் 24 கிலோமீட்டர். 2015இல் நடந்த வடிவமைப்புப் போட்டிக்குப் பின் அது பகுதி பகுதியாகச் சீரமைக்கப்பட்டது. இடையே ஒரு பகுதியின் அடியில் நகருக்கான பெரிய குடிநீர்க் குழாய் பதிக்கப்பட்டது. ஹில்வியூவுக்கும் புக்கிட் தீமா சாலைக்கும் இடைப்பட்ட நான்கு கிலோமீட்டர்ப் பகுதி 2021 மார்ச்சிலும், புதுப்பிக்கப்பட்ட புக்கிட் தீமா நிலையம் 2022 ஜூலை முதல் நாளிலும் திறக்கப்பட்டன.

அந்நிலையத்தின் சிறப்பு ஒன்றை மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதிருக்க வேண்டும். ஆதலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாளச் சாவி உண்டு. அது கையில் இல்லாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. பெரிய வளையம் ஒன்றில் பொருத்திய அச்சாவியை, ஓடும் வண்டியிலிருந்து நிலைய ஊழியரும் ஓட்டுநரும் கைமாற்றிக்கொள்வர். உலகெங்கும் மின்குறிகள் வந்துவிட்ட 2011ஆம் ஆண்டிலும் புக்கிட் தீமாவில் அவ்வழக்கம் உயிரோடு இருந்தது.

எஞ்சியவையும் எஞ்ச வேண்டியவையும்

தடம் நிலைத்துவிட்டது என்று கருதி நாம் ஓய்ந்திருத்தல் ஆகாது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில், கிராஞ்சிப் பகுதியில் தடத்தை ஒட்டியிருந்த காட்டு மரங்கள் சூழல் ஆய்வு முடியுமுன்னரே வெட்டப்பட்டமை வெளியாயிற்று. பாதை அங்கேயே இருந்தது. அதன் கரையில் நின்ற காடுதான் போயிற்று. பக்கத்து மரங்கள் போய்விட்டால் தடம் என்பது வெறும் நடைவழியே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மரமும் பாலமும் காக்கப்பட்டன. பாதையில் உழைத்த மக்களின் நினைவோ அந்த அளவு காக்கப்பட்டிலது. மலாயா இருப்புப்பாதையில் தண்டவாளம் செப்பனிட்டோரில் தமிழர் மிகப் பலர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றினர். கோலாலம்பூர்ச் செந்தூலில் இருந்த பணிமனையைச் சூழ்ந்து தமிழர் குடியிருப்பே உருவாயிற்று. சிங்கப்பூரிலும் இருப்புப்பாதைத் தொழிலாளர், குயின்ஸ்வே அருகே தண்டவாளத்தை ஒட்டி முனீஸ்வரருக்குச் சிறு கோயில் ஒன்று எழுப்பினர். அது எழுந்த ஆண்டு 1932. தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டு. ஒன்று பளிங்கு உருவங்களோடு எழுந்தது. மற்றொன்று குடிசையாக எழுந்தது. அக்கோயில் பின்னர் காமன்வெல்த் டிரைவுக்கு இடம்பெயர்ந்து, 1998இல் பெரிய கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. இன்று வழிபட வருவோரில் எத்தனை பேர் அதன் தோற்றத்தைத் தண்டவாளத்தோடு சேர்த்து எண்ணுகின்றனர்?

முதற் பாதை அழிந்தபோது கேட்பார் இல்லை. இரண்டாம் பாதை பிழைத்தமைக்கு ஒப்பந்தச் சிக்கல் காலம் தந்தது. மக்கள் குரல் வழி தந்தது. தொழிலாளர் நினைவுக்கும் அவ்விரண்டும் வேண்டும். அப்பாதையில் உழைத்தோரின் பிள்ளைகளும் பேரர்களும் நம்மிடையே உள்ளனர். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஜாலான் புசாரில் வண்டி ஏறிப் புக்கிட் தீமாவில் இறங்கும் தமிழாசிரியர், இரும்புப் பாலத்தையும் அடையாள வளையத்தின் கதையையும் காட்டிய பிறகு, மாணவரைக் காமன்வெல்த் டிரைவுக்கும் அழைத்துச் செல்வாராயின், ஒரு நாள் பயணத்தில் பாதையின் வரலாறும் பாதையில் உழைத்தோர் வரலாறும் அவர்களுக்குச் சேர்ந்தே கிடைக்கும்.