‘இஷ்க்’ எனும் சொல்

பசுமையாய்த் தழைத்துப் பின் மெலிந்து மஞ்சளிக்கும் செடிக்கு அரபியில் ‘அஷகா’ என்று பெயர். அவ்வாறே வாடுவதால்தான் காதலன் ‘ஆஷிக்’ ஆனான் என்பது, ஹிஜ்ரி 711இல் மறைந்த இப்னு மன்ழூரின் ‘லிஸானுல் அரப்’ தரும் விளக்கம். நோயைப் பெயரிலேயே சுமக்கும் சொல்!

திருக்குர்ஆனில் இச்சொல் இல்லை. யூஸுஃப் (அலை) அவர்கள்மீது அஸீஸின் மனைவி கொண்ட வேட்கையைக்கூட இறைமறை ‘ஹுப்பு’ என்றே குறிக்கிறது (12:30).

ஆகவே, பக்தாதில் அபுல் ஹுஸைன் நூரீ (இறப்பு ஹிஜ்ரி 295) இறைவன்பால் தமக்கு இஷ்க் உண்டு என்றபோது, எதிர்ப்பாளர் வெகுண்டு அவர்மீது குற்றஞ்சாட்டினர். வேர்ப்பொருளை அறிந்தே அவர் அச்சொல்லை ஆண்டார் என நாம் எண்ணுகிறோம். ஏனெனில், ‘கிதாபுல் லுமஃ’ குறிப்பிடும் அவரது விடையின்படி இஷ்க் முஹப்பத்தினும் உயர்ந்ததன்று; முஹிப்பு அன்பைத் துய்ப்பவன், ஆஷிக்கோ தடுத்து நிறுத்தப்பட்டவன்.